பொட்டு வைத்த ஜோடித் துப்பாக்கி

மூன்றாம் அத்தியாயம்

ஆலங்குடியில் அன்று சந்தை. நிலக்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளுக்கு நடுவே ஆரனை அமுக்கி அமுக்கி வழி வாங்கிக்கொண்டு, துப்பறியும் ஆத்மநாதனின் பழைய ஆஸ்டின் கார் பழனிச்சாமி சேர்வை வீட்டு வாசலில் வந்து நின்றது.

"சார், இது கார் இல்ல. நாலு சக்கரம் வெச்ச கொல்லம்பட்டறை," என்றபடி இறங்கினாள் அடைக்கலமேரி. ஆவூர்ப் பெண். டைப் அடிக்க என்று அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது டைப் மெஷினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குடைந்துகொண்டிருக்கிறாள்.

ஆத்மநாதன் வாசல் வேப்பமரத்தடியைப் பார்த்தார். துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் ஷேக் பரீது அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் விலங்கு.

காரின் பின் ஸீட்டிலிருந்து ஹவ்வா உம்மாள் இறங்கினார். பரீதின் மனைவி. காலையில் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு ஓடிவந்து ஆத்மநாதனைக் கூப்பிட்டவர் அவர்தான். புருஷன் கையைப் பார்த்ததும் ஆத்மநாதன் பக்கம் திரும்பினார்.

"ஜெயிலுக்குப் போறதைக்கூட அப்பறம் பாத்துக்கலாம் அய்யா. போலீஸ் டேசன் சந்தைக்கு அங்கிட்டு இருக்கு. இந்தக் கையோட இவுகளைச் சந்தைக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போனாங்கன்னா, நாளைக்கு ஒரு துப்பாக்கியை ரிப்பேருக்கு நம்பி யாரு இவுககிட்டக் குடுப்பா? அதை மட்டும் நிப்பாட்டுங்க."

"எப்பக் கூட்டிட்டுப் போறாராம்?"

"காபி குடிச்சிட்டுக் கெளம்பறதாச் சொன்னாரு," என்றார் பரீது தலையைத் தூக்காமல். "சப்-இன்ஸ்பெக்டரு."

ஆத்மநாதன் மேரியைப் பார்த்தார். மேரி தலையாட்டினாள். "புரிஞ்சுபோச்சு சார். அந்தக் காபி கொஞ்ச நேரத்துக்கு அடுப்பை விட்டு எறங்காது," என்று கொல்லைப்புறமாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். மூங்கில் நாற்காலியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சப்-இன்ஸ்பெக்டர். ஊஞ்சலில் வீட்டுக்காரர் பழனிச்சாமி சேர்வை. தூணில் சாய்ந்தபடி அவர் தம்பி அய்யாக்கண்ணு, நெற்றி நிறைய விபூதி. மேஜைக்கு முன்னால் பூதக்கண்ணாடியும் கையுமாக மெட்ராஸிலிருந்து வந்த நிபுணர் ராமபத்ரன்.

மேஜையில் ஒரு வெள்ளைத் துணி. துணி மேல் ஒற்றைக் கைத்துப்பாக்கி. இதற்கு ஜோடியான இன்னொன்று சுவரில் பதித்த பூஜை மாடத்தில் சாய்ந்திருந்தது. அதில் சந்தனமும் குங்குமமுமாக மூன்று பொட்டு.

"கும்பினி காலத்துல எங்க பாட்டனுக்கு ஒரு கர்னல் துரை குடுத்த ஜோடி," என்றார் சேர்வை. "ஒரே கொல்லன் கையில, ஒரே மரத்துல செஞ்சது. தம்பியும் நானும் பாகம் பிரிக்கிறோம். ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டா வெலை படுத்துரும். அதான் நானே ரெண்டையும் வெச்சுக்கிறது, அதுக்கு ஈடா ஏரிக்கரை வயலைத் தம்பிக்கு எழுதிர்றதுன்னு பேச்சு. வெலை என்னன்னு சொல்லத்தான் இவரை வரவழைச்சேன். வந்தவரு தலையில கல்லைப் போட்டுட்டாரு."

"நான் போடலை. இருந்ததைச் சொன்னேன்," என்றார் ராமபத்ரன். "ஜோடின்னா ஒரு விலை. ஒத்தைன்னா அதுல கால்வாசி தேறினா அதிர்ஷ்டம். இதுவோ ஒத்தை கூட இல்லை. போலி."

"எப்படிச் சொல்றீங்க?"

ராமபத்ரன் துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினார். நீளக் குழல். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விப் பிடிக்கிற குதிரை. அதற்குக் கீழே இரும்புத் தகடு. பிடியின் நுனியில் இரும்புப் பூண். குழலில் ஓரிடத்தில், தகட்டில் ஓரிடத்தில், பூணில் ஓரிடத்தில் கறுத்த குழிகள். ஒவ்வொன்றும் வட்டமாக, காலணா அகலத்தில்.

"பாருங்கோ. வயசானா இரும்பு முழுக்கத் துருப் பிடிக்கும். ஓரத்துல பிடிக்கும், மூலையில பிடிக்கும். இப்படி வட்டமா மூணே இடத்துல பிடிக்குமோ? இது திராவகம். புதுசாச் செய்யறவா பழசாக் காட்டறதுக்குச் சொட்டு விடுவா. பம்பாய்ல எத்தனையோ பார்த்தாச்சு."

"பரீது கையில இது எத்தனை நாள் இருந்துச்சு?"

"ஆயுத பூசைக்கு முந்தி ஒரு மாசம்," என்று அய்யாக்கண்ணு முந்திக்கொண்டான். "குதிரைக்குள்ள வில்லு ஒடஞ்சு போச்சுன்னு குடுத்தோம். அசலை வெச்சுக்கிட்டு வேற ஒண்ணைக் குடுத்துவிட்டுட்டான். குடுத்தவன் சும்மா குடுத்தானா, பொட்டு கலையாமக் குடுத்தான். பொட்டு இருந்தா நாங்க தொட மாட்டோம்ல. அதுக்கடியில திராவகக் குழியை ஒளிச்சு வெச்சிருக்கான் பாருங்க."

அந்த நேரம் மேரி ஒரு தட்டில் வெல்லம் போட்ட கடலை உருண்டையோடு வந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள்.

"காபி?" என்றார் அவர்.

"பால் பொங்கிருச்சுங்க. புதுப் பால் கறக்கப் போயிருக்காங்க. மாடு கொஞ்சம் யோசிக்குது."

அவர் ஒரு உருண்டையை எடுத்துக் கடித்தார். மேரி மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அய்யோ பாவம். இதுக்கு அம்மை போட்டிருக்கு சார்."

அய்யாக்கண்ணு முறைத்தான். ஆத்மநாதன் முறைக்கவில்லை. குனிந்து குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மை எடம் பாத்துப் போடாதே மேரி," என்றார் மெதுவாக. "இது எடம் பாத்துப் போட்டிருக்கு."

நிமிர்ந்தவர் கூடத்துச் சுவரைப் பார்த்தார். கண்ணாடி போட்ட ஒரு போட்டோ மாட்டியிருந்தது. போன வருஷத்து ஆயுத பூஜை. வாளும் ஈட்டியும் வரிசையாக, நடுவில் ஜோடித் துப்பாக்கிகள், ஒன்றின் குறுக்கே ஒன்றாக. கறுப்பு வெள்ளைப் படத்தில் பொட்டுகள் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தன.

"நான் மொதல்ல குமிழ் ஆணின்னு நெனச்சேன் சார்," என்றாள் மேரி. "எங்க கோயில் கதவுல அடிச்சிருப்பாங்கள்ல, அது மாதிரி."

"வாயை மூடிக்கிட்டு இரு."

"சரிங்க சார்."

"இல்ல, வேண்டாம். பேசிக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டு ஆத்மநாதன் வாசலுக்கு நடந்தார்.

பரீது எழுந்திருக்கப் பார்த்தார். விலங்கு தடுத்தது. ஆத்மநாதன் அவர் முன்னால் தாமும் குந்தினார்.

"பாய், ஒரே ஒரு கேள்வி. வில்லு மாத்தறப்ப அந்தப் பொட்டை எடுத்துட்டு மறுபடி வெச்சீங்களா?"

பரீது பதறிப்போனார். "நான் எப்படிங்க அதைத் தொடுவேன்? அது அவங்க சாமி. பொட்டு மேல எண்ணெய் பட்டுறக் கூடாதுன்னு துணியைச் சுத்தி வெச்சுக்கிட்டுத்தான் வேலை பாத்தேன். ஒரு நாள் வேலை. அந்தத் துணியால ஒரு மாசமாச்சு."

"அந்தத் துப்பாக்கி மட்டுந்தான் வந்துச்சா? ஜோடி?"

"அது வீட்டை விட்டு வரலைங்க. ரெண்டும் ஒண்ணா வாசப்படி தாண்டக் கூடாதாம்."

ஆத்மநாதன் உள்ளே வந்தபோது அடுப்படி வாசலில் சேர்வையின் மனைவி சொர்ணவல்லி நின்றுகொண்டிருந்தார். கையில் காபி டம்ளர். மேரி அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஆவி பறந்தது. இனி அவர் ஊதிக் குடிக்கிற நேரந்தான் பாக்கி.

"அம்மா, இந்தப் பொட்டு வழக்கம் எப்படி?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு வெப்போம். பழசை எடுக்க மாட்டோம். பொட்டு மேல பொட்டு. வெச்சா மறுநாள் வரைக்கும் யாரும் கை படக் கூடாது. எங்க மாமியா வெச்சாங்க, அப்பறம் நான். இந்தா, இவரு வந்து சொரண்டித்தான் எடுத்தாரு." மெட்ராஸ்காரரைப் பார்த்த பார்வையில் இன்னும் கோபம் இருந்தது. "அதுவும் ஒண்ணைத்தான் விட்டேன். ரெண்டும் ஒரே நேரத்துல பொட்டு இல்லாம இருந்தா வீட்டுக்கு ஆகாது."

"எதைச் சொரண்டறதுன்னு யாரு சொன்னா?"

"தம்பிதான். பாய் கைக்குப் போயிட்டு வந்ததைப் பாருங்கன்னாரு."

"சொரண்டினது எங்க?"

ஒரு பித்தளைத் தட்டைக் காட்டினார். அதில் மூன்று வில்லைகள். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை கனம். ஆத்மநாதன் ஒன்றை எடுத்து ஓரத்தைப் பார்த்தார். வெங்காயத்தை அறுத்த மாதிரி மஞ்சள் மேல் சிவப்பு, சிவப்பு மேல் மஞ்சள் என்று அடுக்கடுக்காக. அடிப்பக்கம் துருவேறிக் கறுத்துக் கிடந்தது.

"அம்மா, கொஞ்சம் சந்தனம் கொழைச்சுக் கொண்டாங்க. இதுக்குப் பொட்டு வைங்க. வருசா வருசம் எங்க வெப்பீங்களோ அங்க. ஆனா கண்ணை மூடிக்கிட்டு."

"என்னங்க வெளையாட்டு," என்றான் அய்யாக்கண்ணு.

"டேய், சும்மா இரு," என்றார் சேர்வை.

சொர்ணவல்லி இடது கையால் துப்பாக்கியைப் பிடித்துக் கண்ணை மூடினார். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டுக் குழலில் வைத்தார். விரல் கீழே வந்தது, தகட்டில் வைத்தது. இன்னும் கீழே வந்து பூணில் வைத்தது. கண்ணைத் திறந்து பார்த்தார்.

மூன்று பொட்டும் மூன்று குழிக்குள் உட்கார்ந்திருந்தன.

"ஈரச் சந்தனம்," என்றார் ஆத்மநாதன். "ராத்திரி முழுக்க இரும்பு மேல. துடைக்கிறதும் இல்ல. அடுத்த வருசம் அது மேலயே இன்னொரு ஈரம், அது உள்ள எறங்கும். பாட்டன் காலத்துலேர்ந்து இப்படித்தான். திராவகம் வேணாமுங்க. இவங்க பக்தியே போதும்."

ராமபத்ரன் பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வில்லையின் கறுத்த அடியைக் குழிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தப்புப் பண்ணிட்டேன்," என்றார். "இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. இது அசல்தான். எந்தப் போலிக்காரனாலயும் இந்தக் குழியைப் பண்ண முடியாது."

சப்-இன்ஸ்பெக்டர் டம்ளரை வைத்துவிட்டு விலங்குச் சாவியை எடுத்தார். வாசலிலிருந்து ஹவ்வா உம்மாள் "அல்லா" என்றது உள்ளே கேட்டது.

ஆத்மநாதன் கிளம்பவில்லை. மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இதுக்குப் பொட்டு வெச்சாச்சு," என்றார். "அப்ப அதைத் துடைக்கலாம்ல?"

"எதுக்கு?" என்றான் அய்யாக்கண்ணு. "அசல்னு சொல்லியாச்சே. அது இந்த வீட்டை விட்டே போகலை."

"ஜோடிக்குத்தானே வெலை. ரெண்டையும் பாக்காம வயலை எழுத முடியுமா?"

சேர்வை தானே எழுந்து மாடத்திலிருந்த துப்பாக்கியை எடுத்து வந்தார். ஆத்மநாதன் நகத்தால் லேசாகத் தட்டினார். பொட்டு அப்பளம் மாதிரி உடைந்து உதிர்ந்தது. ஒரே ஒரு அடுக்கு. மேரி ஈரத்துணியால் துடைத்தாள்.

எல்லாரும் மேஜையைச் சுற்றி நெருங்கினார்கள்.

பொட்டு இருந்த மூன்று இடத்திலும் குழி இல்லை. பித்தளைக் குமிழ் ஆணி, பளபளவென்று. வட்டம், நடுவில் கறுப்புப் புள்ளி.

"நான் சொன்னேன்ல சார்," என்றாள் மேரி. சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராமபத்ரன் ஒரு தடவைதான் பார்த்தார். "இதுதான் போலி."

"அப்ப நான் சொன்னது சரிதான்," அய்யாக்கண்ணு முன்னால் வந்தான். குரல் உயர்ந்திருந்தது. "திரும்பக் குடுக்க வந்தப்ப அந்தப் பாய் இந்தக் கூடத்துலதான் உக்காந்திருந்தான். அப்ப மாத்திருக்கான். அண்ணே, அவனை விடாதீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். சாவி மறுபடி பைக்குள் போனது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "நடக்கட்டும். மீதியை டேசன்ல பேசிக்கலாம்."

வாசலில் விலங்குச் சங்கிலி கலகலத்தது. பரீது தாமே எழுந்து நின்றுவிட்டிருந்தார். ஹவ்வா உம்மாள் அவர் கையில் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம்," என்றார் ஆத்மநாதன். "பாய் எப்பத் திரும்பக் குடுத்தாரு?"

"பூசைக்கு மொத நாள்," என்றார் சேர்வை.

"பாய் மாத்தினதாவே வெச்சுக்குவோம். அப்பன்னா பூசை அன்னைக்கு இந்தப் போலிதான் மாடத்துல இருந்திருக்கு. அம்மா, அன்னைக்கு இதுக்குப் பொட்டு வெச்சப்ப இந்த ஆணி உங்க கண்ணுல படலையா?"

"நான் வெக்கலையே," என்றார் சொர்ணவல்லி. சொல்லும்போதே அவர் பார்வை கொழுந்தன் பக்கம் திரும்பிவிட்டது. "தம்பிதான் வெச்சாரு. 'பிரியப் போற வருசம் மதினி, கடைசியா ஒரு தடவை என் கையால வெக்கிறேன்'னாரு. நாங்க எல்லாரும் அழுதோம்."

அய்யாக்கண்ணு தூண் பக்கம் பின்வாங்கினான்.

"இந்த ஆணி வீட்டுத் துப்பாக்கியில கிடையாது," என்றார் ஆத்மநாதன். "போலி செஞ்சவன் அசலைப் பாக்கலை. அந்தப் போட்டோ மாதிரி ஒண்ணையும் அளவையும் வெச்சுச் செஞ்சிருக்கான். பொட்டைக் குமிழ்னு நெனச்சு அடிச்சுட்டான். எங்க மேரிக்கு வந்த அதே சந்தேகம். செஞ்சு வந்ததைப் பாத்ததும் உங்களுக்குத் திக்குனு இருந்திருக்கும் அய்யாக்கண்ணு. ஆனா ஒரு வழி இருந்துச்சு. ஆணி எங்க இருக்கோ, அங்கதான் பொட்டும் வரும். மதினி கைக்கு முந்தி உங்க கை போனாப் போதும்."

"பாக்கலை. நான் கவனிக்கலை."

"மூணு ஆணி. மூணு மேலயும் துல்லியமா உங்க பொட்டு. கவனிக்காம எப்படி வெச்சீங்க?"

ஆத்மநாதன் போலியை மேஜை மேல் அசலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போலியை வெச்சுக்கிட்டு அண்ணன் ஏரிக்கரை வயலை எழுதிக் குடுத்திருப்பாரு. பிசகினது எங்கன்னா, நிபுணர் அசலைப் போலின்னுட்டாரு. அவரு சரியாச் சொல்லியிருந்தா எங்களை யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டாங்க. அவரு தப்பாச் சொன்னப்பவும் நீங்க சும்மா இருந்திருக்கலாம். பழியைத் தூக்கி அந்தாள் மேல போட்டீங்க."

சேர்வை தம்பிக்கு முன்னால் போய் நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் மேரி நினைத்தாள். அவர் கேட்டது ஒரே வார்த்தை.

"எங்க?"

அய்யாக்கண்ணு பின்கட்டுக்குப் போனான். சப்-இன்ஸ்பெக்டர் கூடவே போனார். விதைக்கடலை மூட்டைக்குள்ளிருந்து சாக்கில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்தது. சேர்வை பிரித்தார். அசல் துப்பாக்கி. புளியங்கொட்டை கனத்தில் மூன்று பொட்டும் அப்படியே இருந்தன.

"வெலைக்கு வாங்கறவன் பொட்டை எடுத்துட்டுத்தான் கொண்டாரச் சொன்னான்," என்றான் அய்யாக்கண்ணு தரையைப் பார்த்து. "ரெண்டு தடவை உக்காந்தேன். தொடைக்கக் கை வரலண்ணே."

"எடுக்க வந்துச்சு. அடுத்தவன் மேல பழி போட வந்துச்சு," என்றார் சேர்வை. "தொடைக்க மட்டும் வரலையாக்கும்."

மேரி மேஜையில் உதிர்ந்து கிடந்த பொட்டுத் துகளைத் துணியால் கூட்டி எடுத்தாள்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் விலங்கு ஒன்றுதான் இருந்தது. வாசலுக்குப் போய்ப் பரீதின் கையிலிருந்து கழற்றி, உள்ளே கொண்டுவந்து அய்யாக்கண்ணு கையில் மாட்டினார். சேர்வை அவரிடம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "கேஸை நடத்துங்க. நான் குறுக்க வரலை. கொல்லை வழியாக் கூட்டிட்டுப் போங்க. சந்தை வழி வேண்டாம்."

வாசலில் நின்ற ஹவ்வா உம்மாளுக்கு அது கேட்டது. சேர்வைக்கும் அவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

சொர்ணவல்லிதான் இறங்கி வந்தார். "பாய், ரெண்டுலயும் துரு அரிச்சுக் கெடக்கு. நீங்கதான் பாக்கணும்."

பரீது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பாக்கறேம்மா. பொட்டை நீங்களே எறக்கிக் குடுத்துருங்க. இனி துணி சுத்தி வேலை பாக்க என்னால ஆகாது."

"கார்ல ஏறுங்க பாய்," என்றார் ஆத்மநாதன். "வீட்டுல விட்டுர்றேன்."

பரீது ஏறப் போனார். ஹவ்வா உம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம் அய்யா. நாங்க சந்தை வழியாவே நடந்து போறோம்."

முன்னால் இருவரும் நடந்தார்கள். பின்னால் ஆஸ்டின் ஊர்ந்தது. வழியில் வண்டிகள் நின்றன. ஆத்மநாதன் ஆரனைத் தொடவில்லை.

சந்தை நடுவில் ஒரு வெங்காயக் கடை முன்னால் ஹவ்வா உம்மாள் நின்றுவிட்டார். புருஷன் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். பரீது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரத்த குரலில் பேரம் பேச ஆரம்பித்தார், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி.